முதலில் பொருளைத் தெரிவு செய்யுங்கள்: நியூற்றன் விதிகளைப் பழக ஒரு வழிகாட்டி

சித்திரை வருடப்பிறப்புக் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் போர்த்தேங்காய் அடிப்பார்கள். ஒருவர் தன் தேங்காயை நிலத்தில் வைப்பார். மற்றவர் தன் தேங்காயைக் கையில் இறுக்கிப் பிடித்து அதன்மேல் ஓங்கி அடிப்பார். எது உடைகிறதோ அதன் சொந்தக்காரர் தோற்றார். சிரட்டை தடித்த காயைத் தட்டித் தட்டிப் பார்த்துத் தேடுவதே ஒரு கலை. ஆட்டம் முடிந்ததும் உடைந்த தேங்காயோடு நிற்பவரிடம், "எந்தத் தேங்காய்க்குக் கூடிய அடி விழுந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "இதென்ன கேள்வி, உடைந்ததற்குத்தான்" என்பார். வென்றவரும் அதையே சொல்வார். இருவர் சொல்வதும் பிழை. இரண்டு தேங்காய்களும் ஒன்றுக்கொன்று கொடுத்த விசை சரிசமம். ஒன்று அதைத் தாங்கியது, மற்றது தாங்கவில்லை. அவ்வளவுதான்.

பல ஆண்டுகளாக மாலை வகுப்புகளில் இந்தப் பகுதியைப் படிப்பித்து வருகிறேன். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் மூன்று விதிகளையும் எழுத்துப் பிசகாமல் ஒப்புவிக்கும் பிள்ளைகள் இந்தத் தேங்காய்க் கேள்வியில் சறுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு விதி தெரியும். எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத்தான் முதலில் தீர்மானிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு பழக்கத்தை உண்டாக்குவதற்காகவே எழுதப்படுகிறது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கும், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்த் திணறும் பெற்றோருக்கும் இது போதும்.

தேவையான பொருட்கள் வீட்டிலேயே இருக்கும்: ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு, ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்று, கடுதாசி மட்டை, கரம் பலகை, பலூன், நூல், உறிஞ்சுகுழாய். நியூற்றனில் அளவு காட்டும் விற்றராசு ஒன்று கிடைத்தால் நல்லது.

தொடங்கு முன்: சொற்களைச் சரிபாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். கணக்கில் பிழை விடுவோரில் பாதிப் பேர் இங்கேதான் வழி தவறுகிறார்கள்.

நம்முடைய பாடநூல்களில் ஒரு பொருளில் அடங்கியுள்ள சடப்பொருளின் அளவு திணிவு. அது கிலோகிராமில் அளக்கப்படும். அந்தப் பொருளைப் பூமி இழுக்கும் விசை நிறை; அது நியூற்றனில் அளக்கப்படும். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ 'நிறை' என்றால் நம்முடைய திணிவு. நம்முடைய நிறையை அவர்கள் 'எடை' என்பார்கள். ஒரே தமிழ், ஒரே சொல், பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இரண்டு பொருள். இணையத்தில் சென்னை ஆசிரியர் ஒருவரின் விளக்கத்தைப் பார்த்துவிட்டு "நிறை எங்கும் மாறாது" என்று இங்கே விடைத்தாளில் எழுதினால் புள்ளி போய்விடும். சந்திரனுக்குப் போனால் நம்முடைய நிறை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும், திணிவுதான் மாறாது.

இன்னும் சில உண்டு. நாம் கதி என்பது அவர்களுக்கு வேகம். நாம் வேகம் என்பது (திசையோடு சேர்ந்தது) அவர்களுக்குத் திசைவேகம். நம்முடைய ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) அவர்களிடம் முடுக்கம். நம்முடைய சடத்துவம் அவர்களிடம் நிலைமம். உராய்வும் உந்தமும் நல்ல வேளையாக இரண்டு இடத்திலும் ஒன்றே. எது சிறந்த சொல் என்று சண்டை பிடிக்க நான் வரவில்லை, ஆனாலும் 'ஆர்முடுகல்' என்ற சொல்லை வாயால் சொல்லும்போதே ஏதோ ஒன்று வேகமெடுப்பது போல எனக்குத் தோன்றும்.

அறிவியலைத் தமிழில் சொல்வதற்கான சொல்தேடல் இந்த மண்ணில் பழையது. 1823 இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியில் வானியலும் இயற்கைத் தத்துவமும் படிப்பித்தார்கள். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நாம் இன்று திணிவா நிறையா என்று குழம்புவது அந்த நீண்ட வேலையின் மிச்சம்தான்.

படி 1: ஒரு பொருளைச் சுற்றிக் கோடு போடுங்கள்

எந்தக் கேள்வியாக இருந்தாலும் முதலில் ஒரு பொருளைத் தெரிவு செய்யுங்கள். தாளில் அதை ஒரு பெட்டியாக வரைந்து, சுற்றிப் புள்ளிக்கோடு போடுங்கள். பிறகு இரண்டே கேள்விகள். கோட்டுக்கு வெளியே உள்ள எவையெல்லாம் இந்தப் பொருளைத் தொடுகின்றன? தொடாமலே இழுப்பது எது?

இரண்டாவது கேள்விக்கு விடை பெரும்பாலும் பூமி மட்டுமே. (காந்தம், மின்னேற்றம் வந்தால் அவையும் சேரும், இப்போதைக்கு விடுங்கள்.) தொடும் ஒவ்வொன்றும் ஒரு விசை கொடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறி போட்டு, அதன் பக்கத்தில் 'யார் கொடுத்தது' என்று எழுதுங்கள். கொடுத்தவர் பெயரை எழுத முடியாவிட்டால் அப்படி ஒரு விசை இல்லை. இந்த ஒரு சட்டத்தைக் கறாராகப் பின்பற்றினால் "இயக்க விசை", "வேகத்தின் விசை" போன்ற கற்பனைப் பேய்கள் தாளைவிட்டு ஓடிவிடும்.

மேசைமேல் ஒரு பனங்கட்டிக் குட்டான் (சிறிய ஓலைப்பெட்டியில் வார்த்த பனங்கட்டி) இருக்கிறது என்று வையுங்கள். குட்டானைத் தொடுவது மேசை. மேசை அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. தொடாமல் இழுப்பது பூமி, அது கீழ்நோக்கி. இரண்டு அம்புகள். காற்று தொடுகிறதே என்று கேட்கும் பிள்ளைக்கு என் வகுப்பில் தனி மரியாதை உண்டு, ஆனால் இங்கே அது கணக்கில் எடுக்க வேண்டாத அளவு சிறியது.

படி 2: முதலாம் விதி, அதாவது 'ஒன்றும் செய்யாவிட்டால் என்ன நடக்கும்?'

விளையுள் விசை (எல்லா விசைகளையும் திசை பார்த்துக் கூட்டிக் கழித்தபின் மிஞ்சுவது) எதுவும் தாக்காதவரை, ஓய்வில் உள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும். இயங்கும் பொருள் நேர்கோட்டில் ஒரே வேகத்தில் இயங்கிக்கொண்டே இருக்கும். நியூற்றன் 1687 இல் லத்தீன் மொழியில் வெளியிட்ட நூலில் முதலில் வைத்த விதி இது.

முதற்பாதியை எவரும் நம்புவார்கள். தம்ளர் ஒன்றின் வாயில் கடுதாசி மட்டையை வைத்து, அதன்மேல் ஐந்து ரூபாய்க் குற்றியை வையுங்கள். மட்டையை விரலால் வெடுக்கென்று சுண்டுங்கள். மட்டை பறக்கும், குற்றி தம்ளருக்குள் விழும். மெதுவாக இழுத்துப் பார்த்தால் குற்றி மட்டையோடே போகும். மட்டைக்கும் குற்றிக்கும் இடையிலுள்ள சிறிய உராய்வு, வெடுக்கென்று இழுக்கும்போது குற்றியைக் கூட்டிச் செல்லப் போதிய நேரம் பெறவில்லை. அடுத்து, நிரம்பிய போத்தலையும் வெறும் போத்தலையும் அழுத்தமான நிலத்தில் படுக்க வைத்து ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். நிரம்பியது அசையவும் முரண்டு பிடிக்கும், அசைந்த பின் நிற்கவும் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டுக்குப் பெயர் சடத்துவம். திணிவு கூடினால் சடத்துவமும் கூடும்.

இரண்டாம் பாதியைத்தான் மனம் ஏற்க மறுக்கிறது. சைக்கிளை மிதிப்பதை நிறுத்தினால் அது நின்றுவிடுகிறது. ஆகவே ஓடிக்கொண்டிருக்க விசை வேண்டும் என்று நம் கால் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. அரிஸ்டோட்டிலும் ஏறத்தாழ இதையே சொன்னார், உலகம் அதை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம்பியது. அதனால் இது புரியவில்லை என்று வெட்கப்பட வேண்டாம். நல்ல கூட்டத்தோடுதான் நிற்கிறீர்கள்.

இதை உடைக்கக் கரம் பலகை போதும். பவுடர் போடாத பலகையில் ஒரு காயைச் சுண்டுங்கள். பிறகு பவுடர் தூவி, அதே அளவு பலத்தோடு சுண்டுங்கள். காய் இன்னும் தூரம் போகும். நீங்கள் கொடுத்த சுண்டல் அதே, குறைந்தது உராய்வு. உராய்வை இன்னும் இன்னும் குறைத்துக்கொண்டே போனால்? கலிலியோ சாய்தளத்தில் குண்டுகளை உருட்டிக்கொண்டு கேட்ட கேள்வி இதுதான். உராய்வே இல்லையென்றால் காய் பலகையின் விளிம்பை முட்டும்வரை வேகம் குறையவே குறையாது. 1977 இல் ஏவப்பட்ட வொயேஜர் 1 விண்கலம் இன்றும் செக்கனுக்கு ஏறத்தாழ 17 கிலோமீற்றர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அதை எந்த இயந்திரமும் பின்னாலிருந்து தள்ளவில்லை.

ஆகவே சைக்கிள் நிற்பதற்குக் காரணம் விசை இல்லாமை அல்ல. உராய்வும் காற்றுத்தடையும் என்ற இரண்டு விசைகள் பின்னோக்கி இருப்பதுதான். ஒரே வேகத்தில் நேராக ஓடும் யாழ்தேவி ரயிலின் மீது விளையுள் விசை எவ்வளவு? பூச்சியம். இயந்திரம் முன்னுக்கு இழுப்பதும் தடைகள் பின்னுக்கு இழுப்பதும் சமன். என் வகுப்பில் இந்தக் கேள்விக்கு முதல் நாளில் சரியான விடை சொல்பவர் அரிது.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது சாரதி திடீரென்று பிறேக் அடிக்கிறார், நீங்கள் முன்னுக்குப் போய் ஒருவர் மேல் விழுகிறீர்கள். "என்னை முன்னுக்குத் தள்ளிவிட்டது" என்கிறீர்கள். யார் தள்ளியது? படி 1 இன் சட்டப்படி பெயரை எழுதுங்கள் பார்ப்போம். எழுத முடியாது. பஸ் நின்றது, உங்கள் கால் பஸ்ஸோடு நின்றது, உடம்பின் மேற்பாகம் முன்பிருந்த வேகத்திலேயே போனது. வளைவில் வெளிப்பக்கம் சரிவதும் இதே கதை: பஸ் திரும்புகிறது, நீங்கள் நேராகப் போகப் பார்க்கிறீர்கள்.

நல்லூர்த் தேரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வடம் பிடித்து முதல் அசைவு கொடுப்பதற்குத்தான் அத்தனை கூட்டமும் மூச்சுப் பிடிக்கிறது. அசைந்தபின் அவ்வளவு பலம் தேவைப்படுவதில்லை. இதில் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன. ஓய்விலிருக்கும்போது வரக்கூடிய எல்லை உராய்வு, இயங்கும்போதுள்ள உராய்வைவிடக் கூடியது. அதோடு, ஓய்விலிருந்து வேகம் எடுக்க ஆர்முடுகலும் வேண்டும். விற்றராசு இருந்தால் வீட்டிலேயே பாருங்கள்: நிரம்பிய போத்தலை நிமிர்த்தி வைத்து, கழுத்தில் நூல் கட்டி மேசைமேல் மெல்ல இழுங்கள். அசையும் கணத்தில் வாசிப்பு உச்சத்துக்குப் போய், பிறகு கொஞ்சம் இறங்கி நிற்கும். நூலை மேலே கட்டியதால் போத்தல் கவிழப் பார்த்தால் அடியில் கட்டுங்கள். நான் முதல்முறை வகுப்பில் செய்து காட்டியபோது மேசை முழுக்கத் தண்ணீர்.

படி 3: இரண்டாம் விதி, அதாவது 'எவ்வளவு?'

முதலாம் விதி என்ன நடக்கும் என்று சொல்கிறது. இரண்டாம் விதி எவ்வளவு நடக்கும் என்று சொல்கிறது.

விளையுள் விசை = திணிவு × ஆர்முடுகல்

"எஃப் சமன் எம் ஏ" என்று பாடமாக்கியிருப்பீர்கள். அதில் எஃப் என்பது ஏதோ ஒரு விசை அல்ல, தெரிவு செய்த பொருள்மேல் உள்ள எல்லா அம்புகளையும் திசை பார்த்துக் கூட்டிக் கழித்த பின் மிஞ்சுவது. ஒரு கிலோகிராம் திணிவை ஒவ்வொரு செக்கனும் செக்கனுக்கு ஒரு மீற்றர் வீதம் வேகம் கூடச் செய்யும் விசையே ஒரு நியூற்றன். ஒரு நியூற்றன் எவ்வளவு என்று கையால் உணர வேண்டுமானால் நூறு கிராம் அளவான சிறிய மாம்பழத்தை உள்ளங்கையில் வையுங்கள். ஏறத்தாழ அவ்வளவுதான்.

சைக்கிள் கணக்கு ஒன்று. நீங்கள் 60 கிலோகிராம், சைக்கிள் 15 கிலோகிராம். பெட்டிக்குள் இரண்டையும் சேர்த்து வையுங்கள்: 75 கிலோகிராம். வீதி பின்சில்லை முன்னோக்கித் தள்ளும் விசை 45 நியூற்றன், தடைகள் 15 நியூற்றன். மிஞ்சுவது 30. முப்பதை எழுபத்தைந்தால் வகுத்தால் ஆர்முடுகல் 0.4, அதாவது ஒவ்வொரு செக்கனும் வேகம் செக்கனுக்கு 0.4 மீற்றரால் கூடும். ஐந்து செக்கன் கழித்து வேகம் செக்கனுக்கு 2 மீற்றர், மணிக்கு 7.2 கிலோமீற்றர். இனிக் கரியரில் 50 கிலோகிராம் நண்பர் ஒருவரை ஏற்றுங்கள். தடை அப்படியே இருக்கிறது என்று வைத்தாலும் 30 ஐ 125 ஆல் வகுக்க வேண்டும்: 0.24. அதே ஐந்து செக்கனில் வேகம் 1.2 மீற்றர்தான். நண்பரை ஏற்றிக்கொண்டு சந்தியில் வீதியைக் கடக்கும்போது ஏன் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும் என்பது இப்போது தெரிகிறதா?

(வீதியா சைக்கிளைத் தள்ளுகிறது, கால் அல்லவா தள்ளுகிறது என்று கேட்பீர்கள். கால் பெட்டிக்குள் இருக்கிறது. காரைநகர்க் கசூரினாக் கடற்கரை மணலில் மிதித்துப் பாருங்கள். கால் அதே கால்தான், மணல் தள்ள மறுக்கிறது.)

இப்போது கிணற்றடிக்கு வாருங்கள். இது எனக்கு நேர்ந்தது. பத்து வயதிருக்கும். அம்மம்மா வீட்டுக் கிணற்றில் கப்பியில் கயிறு போட்டுத் தண்ணீர் அள்ளுவோம். கயிறு பழையது. "மெல்ல இழு பிள்ளை, வெட்டி இழுக்காதே" என்று அம்மம்மா தினமும் சொல்வார். ஒருநாள் விளையாட்டுக்குப் போகும் அவசரத்தில் வெட்டி இழுத்தேன். கயிறு அறுந்தது, வாளி அடியில். அன்று பின்னேரம் முழுவதும் பாதாளக் கரண்டியோடு கிணற்றைத் துழாவினேன். தினமும் அதே வாளி, அதே தண்ணீர். அன்றைக்கு மட்டும் ஏன் அறுந்தது?

வாளியைப் பெட்டியில் போடுங்கள். வாளி 1 கிலோகிராம், தண்ணீர் 9 லீற்றர், அதாவது 9 கிலோகிராம், மொத்தம் 10. அம்புகள் இரண்டு: கயிறு மேல்நோக்கி, பூமி கீழ்நோக்கி. புவியீர்ப்பினாலான ஆர்முடுகலைப் பரீட்சையில் 10 என்று எடுப்போம். உண்மையில் யாழ்ப்பாணம் மத்திய கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் இங்கே அது 9.78 அளவில்தான் இருக்கும், துருவங்களில் 9.83. பத்து என்றே வைப்போம். வாளியின் நிறை 100 நியூற்றன்.

சீரான வேகத்தில் மேலே வரும்போது ஆர்முடுகல் பூச்சியம், ஆகவே கயிற்றின் இழுவையும் 100. ஓய்வில் தொங்கும்போதும் 100. பலர் இங்கே "மேலே வருகிறதே, கூடத்தானே இருக்கும்" என்பார்கள், யாழ்தேவியை ஞாபகப்படுத்துங்கள். மெல்ல இழுக்கத் தொடங்கும்போது ஆர்முடுகல் 1 என்றால், இழுவை − 100 = 10 × 1. இழுவை 110. நான் அன்று வெட்டி இழுத்தபோது ஆர்முடுகல் 6 என்று வையுங்கள். இழுவை − 100 = 60. இழுவை 160. பழைய கயிறு 150 நியூற்றன் தாங்கும் என்றால் ஐம்பது தடவை மெல்ல இழுத்தாலும் அறாது. ஒரு தடவை வெட்டினால் அறும். அம்மம்மா பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை.

இரண்டாம் விதியை இன்னொரு முகத்தாலும் பார்க்கலாம். திணிவை வேகத்தால் பெருக்கினால் உந்தம். உந்தம் மாறும் வீதமே விளையுள் விசை. நியூற்றன் தன் நூலில் இந்த விதியைச் சொல்லும்போது ஆர்முடுகலைப் பற்றிப் பேசவில்லை, இயக்க அளவு மாறுவதைப் பற்றித்தான் பேசினார். இந்த முகம் கிறிக்கெற் பிடியெடுப்பில் அழகாகத் தெரியும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையில் நடக்கும் வடக்கின் பெருஞ்சமரில் நல்ல களத்தடுப்பாளர் ஒருவரின் கைகளைக் கவனியுங்கள். 160 கிராம் பந்து செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் வந்தால் உந்தம் 3.2. விறைத்த கை அதை 0.02 செக்கனில் நிறுத்தினால் சராசரி விசை 160 நியூற்றன். கையைப் பின்னுக்கு இழுத்து 0.1 செக்கன் எடுத்தால் 32 நியூற்றன். பந்து அதே, உந்த மாற்றமும் அதே. நேரத்தை ஐந்து மடங்காக்கினால் விசை ஐந்தில் ஒன்றாகிறது. தலைக்கவசத்துக்குள் இருக்கும் மெத்தை செய்வதும் இந்த வேலையைத்தான். கைப்பிடியில் தலைக்கவசத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடுபவர்கள் எந்த மண்டையைக் காப்பாற்றுகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பாரமான பொருள் விரைவாக விழுமா என்பதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பெரிய பனம்பழத்தைப் பூமி கூடிய விசையால் இழுக்கிறது, உண்மை. ஆனால் அசைக்க வேண்டிய திணிவும் அதே மடங்கு கூட. வகுத்தால் அதே 9.78. காற்றுத்தடைதான் இலையைத் தாமதிக்கிறது. 1971 இல் அப்பலோ 15 விண்வெளிவீரர் டேவிட் ஸ்கொட் காற்றில்லாச் சந்திரனில் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றாகவே நிலத்தைத் தொட்டன.

படி 4: மூன்றாம் விதி, எல்லோரும் தெரியும் என்று நினைப்பது

ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு. இந்த வாக்கியம் மேடைப்பேச்சில் போய்ச் சேர்ந்து, செய்த வினைக்குப் பலன் என்ற பொருளில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. அதை மறந்துவிடுங்கள். விதி சொல்வது இவ்வளவே: முதற்பொருள் இரண்டாம் பொருளுக்கு ஒரு விசை கொடுத்தால், அதே கணத்தில், அதே பருமனில், எதிர்த்திசையில், இரண்டாம் பொருள் முதற்பொருளுக்கு ஒரு விசை கொடுக்கிறது. பிறகு வருவதில்லை. பழிவாங்குவதும் இல்லை.

சோடியைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். விசையை "இது அதைத் தள்ளுகிறது" என்று வாக்கியமாக எழுதுங்கள். பிறகு பெயர்களை மாற்றிப் போடுங்கள். பூமி குட்டானை இழுக்கிறது என்றால், சோடி: குட்டான் பூமியை இழுக்கிறது. மேசை குட்டானைத் தள்ளுகிறது என்றால், சோடி: குட்டான் மேசையைத் தள்ளுகிறது. அப்படியானால் பூமி குட்டானை இழுப்பதும் மேசை குட்டானைத் தள்ளுவதும்? அவை சமம், எதிர், ஆனால் சோடி இல்லை. இரண்டும் ஒரே குட்டானின் மேல் தாக்குகின்றன. அவை சமமாயிருப்பது குட்டான் ஓய்வில் இருப்பதால். அதாவது முதலாம் விதியால். மேசையை உருவி எடுத்தால் ஒன்று மறையும், மற்றது இருக்கும். பயிற்சிப் புத்தகங்கள் சிலவற்றிலேயே இந்தப் பிழை அச்சாகியிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

இனி எல்லோரையும் மடக்கும் கேள்வி. மாடு வண்டியை இழுக்கும் அதே விசையால் வண்டியும் மாட்டை இழுக்கிறது. இரண்டும் சமனென்றால் வண்டி எப்படி நகர்கிறது?

ஒற்றைத் திருக்கல் ஒன்றை எடுப்போம். வண்டி 500 கிலோகிராம், மாடு 300. வண்டியை மட்டும் பெட்டியில் போடுங்கள்: மாடு முன்னோக்கி 400 நியூற்றன், நிலமும் அச்சும் தரும் தடை 300. மிஞ்சுவது 100. ஆர்முடுகல் 0.2. வண்டி மாட்டை இழுக்கும் 400 இந்தப் படத்தில் எங்கே? எங்கும் இல்லை, அது மாட்டின் மேல் தாக்குவது, வண்டியின் மேல் அல்ல. இனி மாட்டை மட்டும் பெட்டியில் போடுங்கள்: வண்டி பின்னோக்கி 400, நிலம் குளம்பை முன்னோக்கித் தள்ளுவது 460. மிஞ்சுவது 60, திணிவு 300, ஆர்முடுகல் அதே 0.2. சரிபார்க்க இரண்டையும் ஒரே பெட்டியில் போடுங்கள். இப்போது 400 கள் இரண்டும் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். வெளியிலிருந்து வருவது 460 உம் 300 உம். மிஞ்சுவது 160, மொத்தத் திணிவு 800. மறுபடியும் 0.2. நிலம்தான் வண்டியை நகர்த்துகிறது என்று சொன்னால் சவாரிக்காரர் சிரிப்பார், ஆனால் சேற்றில் சறுக்கும் மாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

கயிறிழுத்தலும் அப்படித்தான். கயிற்றின் இரு முனையிலும் இழுவை சமன். வெல்வது குதிக்காலை நிலத்தில் நன்றாக ஊன்றிய அணி.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகிலிருந்து இறங்கும்போது நீங்கள் எதையும் உணர்வதில்லை. மீனவரின் சிறிய வள்ளத்திலிருந்து கரைக்குத் தாவினால் வள்ளம் பின்னுக்குப் போகிறது, சில வேளை நீங்கள் தண்ணீருக்குள். காலால் வள்ளத்தைப் பின்னுக்குத் தள்ளினால்தான் வள்ளம் உங்களை முன்னுக்குத் தள்ளும். 50 கிலோகிராம் ஆள் செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் தாவினால், 200 கிலோகிராம் வள்ளம் செக்கனுக்கு 0.5 மீற்றர் வேகத்தில் பின்வாங்கும். இருபதாயிரம் கிலோகிராம் படகென்றால் 5 மில்லிமீற்றர். விசை இரண்டுக்கும் சமன். விளைவு திணிவைப் பொறுத்தது.

பலூனை ஊதி, உறிஞ்சுகுழாயில் ஒட்டி, அறைக்குக் குறுக்கே கட்டிய நூலில் ஓடவிட மறக்காதீர்கள். பலூன் காற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது, காற்று பலூனை முன்னுக்குத் தள்ளுகிறது. ரொக்கெற் வெளியிலுள்ள காற்றை உதைத்துப் போவதாக நினைப்பவர்கள் உண்டு. அது உதைப்பது தன் வயிற்றிலிருந்து தானே வெளியேற்றும் வாயுவைத்தான், ஆகவே வெற்றிடத்திலும் ஓடும்.

ஒரு பயிற்சி

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் விடுவார்கள். பென்னம்பெரிய பட்டம் ஒன்று, அதில் கட்டிய விண் (காற்றில் அதிர்ந்து ஒலியெழுப்பும் நார்) கூவ, வானத்தில் அசையாமல் நிற்கிறது. பட்டத்தைப் பெட்டியில் போட்டு அம்புக்குறிகளை வரையுங்கள். விடையைப் பார்க்கு முன் தாளில் வரைந்துவிடுங்கள்.

மூன்று அம்புகள் வர வேண்டும்: பூமி கீழ்நோக்கி இழுப்பது, நூல் கீழ்நோக்கிச் சாய்வாக இழுப்பது, காற்று மேல்நோக்கிச் சாய்வாகத் தள்ளுவது. பட்டம் அசையாமல் நிற்பதால் மூன்றும் சேர்ந்து பூச்சியம். அநேகமாக எல்லோரும் நான்காவதாக ஒன்றை வரைவார்கள்: பட்டம் விடுபவரின் கை. அதை அழித்துவிடுங்கள். கை தொடுவது நூலை.